எம்.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு நுண்ணுயிர் மின்சாரத்தில் பிஎச்.டி. செய்யலாமா?

வகைக்கெழு:

அண்ணன்மார் அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். இந்த வருஷம் எம்.எஸ்சி. கணிதம் முடித்தேன், ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்துவிட்டது, மாதம் 37,000 வரும் என்பதால் வீட்டில் உடனே வேலைக்குப் போ என்று யாரும் நெருக்கவில்லை. இப்போது முன்னால் மூன்று வழி இருக்கிறது, மூன்றும் ஒன்றுக்கொன்று ஒட்டாதவையாகத் தெரிவதால்தான் இங்கே கேட்கிறேன். எங்கள் பேராசிரியர் சுத்தக் கணிதத்திலேயே இரு என்கிறார், பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளுக்குத் தீர்வு உண்டா, ஒன்றுதானா என்று நிறுவுகிற வேலை. அடுத்தது ஒரு விண்வெளிப் பொறியியல் துறை, பாய்ம ஓட்டம் எப்போது சீர்கெட்டுக் கொந்தளிக்கத் தொடங்குகிறது என்பது தலைப்பு. அப்பாவுக்கு இதுதான் பிடித்திருக்கிறது, அவர் கணக்கில் விண்வெளி என்றால் இஸ்ரோ வேலை. மூன்றாவதாக ஒரு சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வகம். அங்கே நுண்ணுயிர் எரிபொருள் கலன் செய்கிறார்கள், அதாவது கழிவுநீரில் இருக்கும் பாக்டீரியாவிடமிருந்து மின்சாரம். அவர்களுக்குச் சமன்பாடு எழுதத் தெரிந்த ஆள் வேண்டுமாம்.

மூன்றாவதுதான் எனக்கு ஆசையாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. யூடியூபில் பார்த்தால் பிளாஸ்டிக் டப்பாவில் சேற்றைப் போட்டு ஒரு குட்டி எல்இடி எரிய வைத்துவிட்டு 'இனி கரண்ட் பில் கிடையாது' என்று தலைப்பு வைக்கிறார்கள். இது நிஜமான ஆய்வுத் துறைதானா? அதில் இருக்கிற கணிதம் உண்மையான கணிதமா, இல்லை மேட்லாபில் எண்களைப் போட்டு வளைகோடு பொருத்துகிற வேலைதானா? நாளைக்குக் கணிதத் துறைக்காரர்கள் என்னைப் பொறியாளன் என்றும், பொறியாளர்கள் என்னைக் கணக்கு வாத்தியார் என்றும் சொல்லி இரண்டு பக்கமும் சேர்க்காமல் விட்டுவிட்டால் என்ன செய்வது?

மண்பானை:

இந்தத் துறையில்தான் பிஎச்.டி. செய்தேன், இப்போதும் இதில்தான் இருக்கிறேன், அதனால் விளம்பரம் செய்வேன் என்று நினைக்காதீர்கள் தம்பி, முதலில் கணக்கையே போட்டுவிடுவோம்.

கழிவுநீரில் இருக்கும் கரிமப் பொருளை சிஓடி (அதை ஆக்சிஜனேற்றம் செய்ய எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு) என்று அளப்போம், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 100 கிராம் என்று வையுங்கள். ஐந்து பேர் வீட்டுக்கு 500 கிராம். 8 கிராம் சிஓடிக்கு ஒரு மோல் எலக்ட்ரான், ஆக 62.5 மோல், அதை ஃபாரடே மாறிலியால் பெருக்கினால் சுமார் 60 லட்சம் கூலும். கலனின் மின்னழுத்தம் காகிதத்தில் 1.1 வோல்ட் வரை வரலாம், சுமையே இல்லாமல் அளந்தால் 0.7, 0.8 காட்டும், நிஜமாக மின்னோட்டம் எடுக்கும்போது 0.4 கிடைத்தால் நல்ல கலன். எல்லா எலக்ட்ரானும் நம் கம்பிக்குள் வந்தால்கூட 0.67 யூனிட்தான். ஆனால் வராது. மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியா ஒரு பங்கைத் தின்னும், கேத்தோடு (எலக்ட்ரான் கம்பி வழியே போய்ச் சேரும் மின்வாய்) பக்கமிருந்து கசிகிற ஆக்சிஜன் ஒரு பங்கைத் தின்னும், மிச்சத்தில் பாக்டீரியா தன் உடம்பை வளர்த்துக்கொள்ளும். அசல் கழிவுநீரில் ஐந்தில் ஒரு பங்கு நம் கைக்கு வந்தால் 0.13 யூனிட். பழைய சீலிங் ஃபேன் 2 மணி நேரம்கூட முழுசாக ஓடாது. அவ்வளவுதான் ஒரு வீட்டுக் கழிவின் மின்சாரம், யூடியூப்காரர் என்ன சொன்னாலும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இதைத் தெரிந்துகொண்ட பிறகும் ஆசை மிச்சம் இருந்தால்தான் இந்தத் துறைக்கு வர வேண்டும். விஷயம் புதிதும் இல்லை. 1911-லேயே இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்டர் என்ற தாவரவியல் பேராசிரியர் ஈஸ்ட்டையும் ஈ. கோலையையும் வைத்து பிளாட்டினம் மின்வாயில் மின்னழுத்தம் காட்டினார். 1931-ல் கோஹன் பல கலன்களை அடுக்கி 35 வோல்ட் எடுத்தார், ஆனால் மின்னோட்டம் 2 மில்லி ஆம்பியர்தான். அப்புறம் ரொம்ப காலம் பெரிதாக ஒன்றும் நகரவில்லை, ஏனென்றால் பாக்டீரியாவின் உடம்புக்குள்ளிருந்து எலக்ட்ரானை வெளியே கொண்டுவர ஏதாவது சாயம் மாதிரி ஒரு வேதிப்பொருளை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நம்பிக்கையை உடைத்தது இரண்டு பாக்டீரியாக்கள். 1987-ல் அமெரிக்காவின் பொடோமாக் ஆற்றுச் சேற்றிலிருந்து டெரெக் லவ்லி ஜியோபாக்டரைப் பிரித்தெடுத்தார், அடுத்த வருஷம் நியூயார்க் மாநிலத்தின் ஒனைடா ஏரியிலிருந்து மையர்ஸும் நீல்சனும் ஷீவனெல்லா பற்றி எழுதினார்கள். நாம் மூச்சு விடும்போது எலக்ட்ரானைக் கடைசியாக ஆக்சிஜனிடம் கொடுக்கிறோம், இவை இரும்பு ஆக்சைடு, மாங்கனீசு ஆக்சைடு போன்ற திடப்பொருளிடமே கொடுத்துவிடும். துருவிடம் கொடுக்கிற பாக்டீரியா கார்பன் மின்வாயிடம் கொடுக்காதா? 1999-ல் கொரியாவில் கிம் குழு சாயம் எதுவும் ஊற்றாமலே ஷீவனெல்லாவிடமிருந்து மின்னோட்டம் எடுத்துக் காட்டியது, இன்றைய துறை முழுக்க அங்கிருந்து வளர்ந்ததுதான்.

நம் ஊர்ப் பங்கும் இருக்கிறது. கலனில் பாக்டீரியா இருக்கும் அறையையும் கேத்தோடு அறையையும் பிரிக்க நாஃபியான் என்ற சவ்வு போடுவார்கள், விலையைக் கேட்டால் மயக்கம் வரும். கரக்பூர் ஐஐடியில் கங்ரேக்கர் குழு அதைத் தூக்கிப்போட்டுவிட்டு மண்பானையையே சவ்வாக வைத்து அரிசி ஆலைக் கழிவுநீரில் கலனை ஓட்டினார்கள். மண்ணின் நுண்துளை வழியே அயனிகள் போகும், அது போதும். பெரிய கருவி வாங்கப் பணம் இல்லாத ஆய்வகங்களுக்கு அது எவ்வளவு பெரிய வழி என்று இதில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். (என் பெயர்க்காரணம் புரிந்திருக்கும்.)

பழைய மின்வாரியம்:

தம்பி, நான் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன், ஆய்வாளன் இல்லை, ஆனால் ஒரு விஷயம் கேட்கிறேன். ஒரு சதுர மீட்டர் சோலார் தகடு நல்ல வெயிலில் 200 வாட் தருகிறது, கடையில் போய் வாங்கலாம். நீங்கள் சொல்கிற கலன் ஒரு சதுர மீட்டர் மின்வாய்க்கு எவ்வளவு தரும்? நான் படித்தவரை ஆய்வகத்தில் சுத்தமான அசிட்டேட் ஊற்றினால் ஒரு வாட், ரொம்ப நன்றாகச் செய்தால் சில வாட், அசல் சாக்கடையில் அதுவும் குறையும். அதே கழிவை மூடிய தொட்டியில் போட்டால் சாண எரிவாயு மாதிரி மீத்தேன் வரும், அடுப்பும் எரிக்கலாம், இஞ்சினும் ஓட்டலாம், நூறு வருஷத் தொழில்நுட்பம், கைதேர்ந்த மேஸ்திரியே கட்டிவிடுவார். அப்படியிருக்க அரசாங்கப் பணத்தில் ஐந்து வருஷம் செலவழித்து இதை ஏன் செய்ய வேண்டும்? கோபத்தில் கேட்கவில்லை, பதில் இருந்தால் தெரிந்துகொள்ளத்தான்.

மண்பானை:

சார், கேள்வி நியாயமானது, மின்சாரம் விற்கிற தொழிலாகப் பார்த்தால் உங்களுக்கு மறுப்பே கிடையாது. கெட்டியான, சூடான கழிவு என்றால் மீத்தேன்தான் ஜெயிக்கும், நானே அதைத்தான் கட்டச் சொல்வேன்.

ஆனால் நகரக் கழிவுநீர் நீர்த்துப்போனது. அதைச் சுத்திகரிக்க இப்போது என்ன செய்கிறோம்? ப்ளோயர் வைத்து இரவு பகலாகக் காற்றை ஊதுகிறோம், ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய அரை யூனிட் செலவு, நிலையத்தின் மின் கட்டணத்தில் பாதிக்கு மேல் அந்த ஊதலுக்கே போகிறது, கூடவே மலை மாதிரி கசடு சேர்கிறது. பாக்டீரியா ஆக்சிஜனுக்குப் பதில் மின்வாயிடம் எலக்ட்ரானைக் கொடுத்தால் ஊத வேண்டியது குறையும், கசடும் குறையும். மின்சாரம் வருவது அப்புறம், செலவாகாமல் இருப்பதுதான் லாபம். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் 2007-ல் ஒரு பீர் ஆலைக் கழிவில் பெரிய அளவில் போட்டுப் பார்த்தார்கள். அளவு கூடக் கூடத்தான் உண்மையான தொல்லைகள் வரும். கலன்களைத் தொடராக இணைத்தால் ஒன்று பட்டினி கிடக்கும்போது அதன் மின்முனையே தலைகீழாகிவிடும், மற்றவற்றின் உழைப்பையும் அது விழுங்கும்.

மின்சாரமே தேவைப்படுகிற இடங்களும் உண்டு, சிறிய இடங்கள். 2008-ல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகக் குழு ஆற்றின் அடிச்சேற்றில் மின்வாயைப் புதைத்து, மேலே மிதக்கிற வானிலை மிதவையை அதிலேயே ஓட்டியது. மாற்ற வேண்டிய பேட்டரி கிடையாது, சேறு தீர்ந்துபோகாது. பிரிஸ்டலில் யெரோபுலோஸ் குழு சிறுநீரில் மொபைல் சார்ஜ் செய்தது, 2015-ல் கிளாஸ்டன்பரி இசைவிழாவில் கழிப்பறை விளக்கையே எரியவிட்டது. இன்னொன்று உணர்வி. நீரில் கரிம மாசு எவ்வளவு என்று பார்க்கும் பிஓடி பரிசோதனைக்கு வழக்கமாக 5 நாள் காத்திருக்க வேண்டும், அதற்குள் சாயப்பட்டறைத் தண்ணீர் ஆற்றில் கலந்து ஊர் தாண்டிப் போயிருக்கும். கலனின் மின்னோட்டமே கரிமச் சத்தின் அளவைக் காட்டும் என்பதால் சில மணி நேரத்தில் தெரிந்துவிடுகிறது. இந்தப் பயன் ஒன்றுக்காகவே நான் இதில் இருப்பேன் சார்.

எப்சிலான் டெல்டா:

தம்பியின் நிஜமான கேள்வி கணிதம் பற்றியது, அதற்கு இன்னும் யாரும் வரவில்லை, நான் வருகிறேன். நான் கணிதத் துறையில் இருப்பவள், உயிரியல் எனக்கு இரண்டாம் கை.

ஆனோடு, அதாவது பாக்டீரியா எலக்ட்ரானைக் கொடுக்கிற மின்வாய், அதன் மேல் பாக்டீரியா ஒரு படலமாக வளரும், தடிமன் சில பத்து மைக்ரான் முதல் நூறு மைக்ரான் வரை. இதில் சுவாரசியம் என்னவென்றால் உணவு வெளிப்பக்கத்தில் இருக்கிறது, எலக்ட்ரானைக் கொட்டுகிற இடம் உள்பக்கத்தில் இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் பந்தி ஒரு கோடியிலும் கை கழுவுகிற குழாய் மறு கோடியிலும் இருந்தால் நடுவில் என்ன நடக்குமோ அதுதான் நடக்கும். வெளி ஓரத்தில் இருப்பவற்றுக்குச் சாப்பாடு ஏராளம், எலக்ட்ரானை இறக்கி வைக்க வழி தூரம். மின்வாயை ஒட்டி இருப்பவற்றுக்கு வழி பக்கம், ஆனால் உணவு வந்து சேர்வதற்குள் தீர்ந்துவிடும். போதாததற்கு ஒவ்வொரு எலக்ட்ரானோடும் ஒரு புரோட்டான் பிறக்கிறது, அது எதிர்த்திசையில் வெளியே போயாக வேண்டும், போக முடியாமல் உள்ளே தேங்கினால் அமிலம் கூடிப் பாக்டீரியாவே முடங்கும். ஆக மூன்று பாய்வுகள், எதிரெதிர்த் திசைகளில், ஒரே மெல்லிய படலத்துக்குள்.

இதைச் சமன்பாடாக எழுதுங்கள். உணவுக்கு விரவல் சமன்பாடு, நுகர்வுப் பதத்தில் மோனோ வடிவம் (உணவு கூடக் கூட வேகம் ஏறி ஒரு உச்சத்தில் நின்றுவிடும்). எலக்ட்ரானுக்குப் படலத்தை ஒரு கடத்தியாக வைத்து ஓம் விதி, மின்னழுத்தத்தோடு வேகம் மாறுவதற்கு நெர்ன்ஸ்ட் வடிவம், இரண்டையும் பெருக்கினால் நெர்ன்ஸ்ட்-மோனோ, 2007-ல் மார்கஸ், டோரஸ், ரிட்மன் எழுதியது. அதோடு நிற்காது, படலம் வளர்கிறது, உதிர்கிறது, அதனால் எல்லையே நகர்கிறது, எல்லை எங்கே என்பதும் தீர்வின் ஒரு பகுதி. பனிக்கட்டி உருகும் ஸ்டெஃபான் சிக்கலின் குடும்பம்தான், ஆனால் இதில் கூடுதலாக உயிர் இருக்கிறது.

உங்கள் பேராசிரியருக்குக் காட்ட இன்னொன்று சொல்கிறேன். 2001-ல் எபெர்லும் கூட்டாளிகளும் எழுதிய படல மாதிரியில் விரவல் கெழு, உயிர்த்திணிவு சுழியாகும் இடத்தில் தானும் சுழியாகிவிடும், திணிவு உச்சத்தைத் தொடும் இடத்தில் முடிவிலிக்குப் போகும். ஒரு முனையில் நலிவு, மறு முனையில் வெடிப்பு, இரண்டும் ஒரே சமன்பாட்டில். பாடப்புத்தகத் தேற்றம் எதுவும் நேராகப் பொருந்தாது. தீர்வு உண்டு என்று நிறுவவே பின்னால் எஃபெண்டியெவ், ஜெலிக், எபெர்ல் மூன்று பேரும் சேர்ந்து உழைக்க வேண்டியிருந்தது. அதனால் 'தீர்வு உண்டா, ஒன்றுதானா' என்ற கேள்வியை விட்டுவிட்டுத்தான் சாக்கடைக்குப் போக வேண்டும் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள், அந்தக் கேள்வி அங்கேயும் உட்கார்ந்திருக்கிறது.

மேட்லாபில் வளைகோடு பொருத்துவது பற்றிய உங்கள் பயமும் பொய் இல்லை. இந்தத் துறையில் வருகிற நிறைய கட்டுரைகள் அப்படித்தான் இருக்கின்றன, பத்துப் பன்னிரண்டு அளபுருக்களை இஷ்டத்துக்கு மாற்றி ஒரே ஒரு வளைகோட்டோடு பொருத்திவிட்டு 'மாதிரி சரிபார்க்கப்பட்டது' என்று எழுதுவார்கள். அதில் எந்த அளபுருவைத் தரவிலிருந்து தனியாகக் கண்டுபிடிக்கவே முடியும் என்று கேட்டாலே ஒரு நல்ல அத்தியாயம் ஆகும். உதாரணத்துக்குப் படலத்தின் கடத்துதிறன். 2005-ல் ஜியோபாக்டரின் மெல்லிய இழைகள் மின்சாரம் கடத்துகின்றன என்று கட்டுரை வந்தது, அவை பிலி என்ற புரத இழைகள் என்றார்கள். 2019-ல் அணுவளவுக்கு நெருங்கிப் பார்த்த இன்னொரு குழு, அது பிலியே இல்லை, ஹீம் வரிசையாக அடுக்கிய சைட்டோகுரோம் இழை என்றது. சர்ச்சை அதோடு ஓயவும் இல்லை. நீங்கள் சமன்பாட்டில் ஒரு மாறிலியாகப் போட்டுவிட்டு நகரும் எண்ணுக்குப் பின்னால் இத்தனை சண்டை இருக்கிறது.

எல்லைப்படலம்:

விண்வெளிக்காரன் ஒருவனாவது பேச வேண்டும் அல்லவா. முதலில் அப்பா விஷயம். பிஎச்.டி. முடித்தால் இஸ்ரோ கூப்பிடும் என்பது இல்லை தம்பி. அவர்கள் விஞ்ஞானி/பொறியாளர் பதவிக்கு எடுப்பது பெரும்பாலும் பி.இ., பி.டெக். முடித்த மின்னணு, இயந்திரவியல், கணினி ஆட்களைத் தேர்வு வைத்து. கணித எம்.எஸ்சி.யும் விண்வெளிப் பொறியியல் பிஎச்.டி.யும் வைத்திருப்பவர் அந்த வரிசையில் நிற்க முடியாமல் போகலாம், தனியாக வருகிற அறிவிப்புகளுக்குக் காத்திருக்க வேண்டும். அப்பாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், பின்னால் மனவருத்தம் வேண்டாம்.

ஆனால் தலைப்பு தங்கம். இரண்டு தட்டுகளுக்கு நடுவே ஓடும் சீரான ஓட்டத்தை எடுத்து ஓர்-சோமர்ஃபெல்ட் சமன்பாட்டின் ஐகன் மதிப்பைப் பார்த்தால் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டத்தின் வேகம் பாகுத்தன்மையை எவ்வளவு மிஞ்சுகிறது என்ற அளவு) 5772 வரைக்கும் எல்லாச் சிறு குலைவும் அடங்கிவிடும் என்று வருகிறது, 1971-ல் ஆர்சாக் கணக்கிட்டது. பரிசோதனையில் பார்த்தால் ஆயிரத்தைத் தாண்டும்போதே கொந்தளிக்க ஆரம்பித்துவிடுகிறது. ஐகன் மதிப்பு பொய் சொல்லவில்லை, அது காலம் முடிவிலிக்குப் போகும்போது நடப்பதைச் சொல்கிறது. அந்த இயக்கி இயல் இயக்கி இல்லை என்பதால் ஐகன் சார்புகள் செங்குத்தாக நிற்பதில்லை, அதனால் ஒரு குலைவு கடைசியில் அடங்கப்போகிறது என்றாலும் இடையில் ஆயிரம் மடங்கு வரை பெருகலாம், பெருகியதும் நேரியல் கணக்கு செல்லாது. 1993-ல் ட்ரெஃபெதனும் மற்றவர்களும் இதைத் தெளிவாக எழுதினார்கள். சார்புப் பகுப்பாய்வு படித்தவருக்கு இதைவிட நல்ல விருந்து பொறியியலில் கிடைக்காது. பெங்களூரில் டிஐஎஃப்ஆர் கேம் பக்கமும் விசாரியுங்கள், சுத்தக் கணிதமும் பயன்பாடும் ஒரே கூரையில் இருக்கிற இடம்.

மூன்றும் ஒட்டாதவை என்கிறீர்கள், முழுக்க அப்படி இல்லை. 2018-ல் நாசா மைக்ரோ-12 என்ற பெயரில் ஷீவனெல்லாவை சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே அனுப்பி, எடையற்ற நிலையில் அதன் எலக்ட்ரான் கடத்தல் மாறுகிறதா என்று பார்த்தார்கள். அங்கே மின்சாரத்துக்குப் பஞ்சம் இல்லை, சூரியத் தகடு போதும். பஞ்சம் தண்ணீருக்கு. சிறுநீர், வியர்வை எல்லாம் சேர்த்து 98 சதவீதத் தண்ணீரைத் திரும்ப எடுக்கும் நிலையை 2023-ல்தான் எட்டினார்கள். செவ்வாய்க்குப் போகிற அளவுக்குப் பயணம் நீண்டால் கழிவைத் தின்று தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் உயிரிக்கு மதிப்பு கூடும். அதற்காக இதை வைத்து ராக்கெட் விடலாம் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

பழைய மின்வாரியம்:

மண்பானை சார், ப்ளோயர் கணக்கு எனக்கு ஒப்புக்கொள்ளக்கூடியது, சுத்திகரிப்பு நிலையத்துக்கு இணைப்பு கொடுத்தவன் என்ற முறையில் அந்த மோட்டார்களின் லோடு எனக்குத் தெரியும். மிதவை விஷயமும் நன்று. சதுர மீட்டர் கணக்கை மட்டும் நான் விடுவதாக இல்லை.

வகைக்கெழு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. எப்சிலான் அக்கா எழுதிய பந்திக் கதையைப் படித்ததும் உட்கார்ந்து ஒரு பரிமாணத்தில் சமன்பாட்டை எழுதிப் பார்த்தேன், நிலையான தீர்வில் படலத் தடிமனுக்கு ஒரு உகந்த மதிப்பு வர வேண்டும் போலத் தெரிகிறது, அதற்கு மேல் தடித்தால் மின்னோட்டம் குறைகிறது. இது ஏற்கெனவே தெரிந்ததுதானா? அடுத்த வாரம் அந்த ஆய்வகத்துக்குப் போய்ப் பார்க்கப் போகிறேன், அங்கே என்னென்ன கேட்க வேண்டும்?

எப்சிலான் டெல்டா:

தெரிந்ததுதான், ஆனால் யாரும் சொல்லித்தராமல் நீங்களே வந்து சேர்ந்தது நல்ல அறிகுறி. புரோட்டானையும் சேர்த்து எழுதுங்கள், அந்த உகந்த தடிமன் எங்கே நகர்கிறது என்று பாருங்கள். அமிலம் கூடாமல் தாங்கும் தாங்கல் கரைசலின் செறிவு நேரடியாக உள்ளே வந்துவிடும். போகும்போது கேட்க வேண்டியது: கணிதத் துறையில் ஒரு இணை வழிகாட்டி போட ஒத்துக்கொள்வார்களா. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கணிதத்தில் வாங்கிய ஜேஆர்எஃப்-ஐ அந்தத் துறையில் சேர்ந்து பயன்படுத்த முடியுமா என்பதையும் நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள், வாய்வார்த்தை வேண்டாம்.

மண்பானை:

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொடென்ஷியோஸ்டாட் (மின்வாயின் மின்னழுத்தத்தை நிறுத்திவைத்து மின்னோட்டம் அளக்கும் கருவி) எத்தனை சேனல், உங்களுக்கு எத்தனை கிடைக்கும் என்று கேளுங்கள், ஏனென்றால் ஒரு படலம் முற்றி வர வாரக்கணக்கில் ஆகும், ஒரே சேனலை நான்கு பேர் பங்கிட்டால் உங்கள் மாதிரிக்குத் தரவு வர நரை விழுந்துவிடும். கலன்களின் மின்னழுத்தத்தை நாள் முழுக்கப் பதிவு செய்கிறார்களா, இல்லை காலையில் ஒருமுறை மல்டிமீட்டர் வைத்து நோட்டில் எழுதுகிறார்களா என்று பாருங்கள். அந்த வழிகாட்டியிடம் முன்னால் படித்தவர்களின் ஆய்வேடுகள் ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் கிடைக்கும், நான்கைத் திறந்து மாதிரி பற்றிய அத்தியாயம் மட்டும் படியுங்கள். காரைக்குடி உங்களுக்கு எட்டும் தூரம் என்றால் அங்கே மத்திய மின்வேதியியல் ஆய்வகமான செக்ரிக்கும் ஒருமுறை போய்வாருங்கள், பாக்டீரியா இருக்கட்டும், மின்வாயில் என்ன நடக்கிறது என்று பேசுவதற்கு நாட்டில் அதைவிடப் பொருத்தமான இடம் குறைவு.

கேத்தோடையும் மறக்காதீர்கள். எல்லோரும் ஆனோடு பாக்டீரியா பற்றியே பேசுவோம், மூன்று மாதம் கழித்து மின்னோட்டம் விழுந்தால் பெரும்பாலும் கேத்தோடு மேல் உப்பும் பாசியும் படிந்திருக்கும். அதற்கும் ஒரு சமன்பாடு வேண்டும், இதுவரை நான் பார்த்த மாதிரிகளில் பலதும் கேத்தோடை ஒரு மாறிலியாகத்தான் வைத்திருக்கின்றன.